கேபிளும் கணினியும்: கணக்கு எங்கே உதைக்கிறது?

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. கேபிளில் ஓடும் மின்னோட்டத்தைக் கணினியில் சிமுலேட் செய்தால் விடை கேட்டலாக்கோடு ஒத்துப்போவதில்லை, அல்லது சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள் பகுதி) பாதியில் நின்றுவிடுகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

வாசகர், பீன்யா: 240 சதுர மி.மீ. செம்புக் கேபிளின் கடத்தியை எஃப்.ஈ.எம்.எம். என்ற மின்காந்தப் புலக் கணக்கு மென்பொருளில் 18.4 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக வரைந்தேன். பொருள், மென்பொருளின் நூலகத்தில் இருக்கும் செம்பு. 50 ஹெர்ட்ஸ், 400 ஆம்பியர். மீட்டருக்கு 5.3 வாட் இழப்பு என்று வருகிறது. கேட்டலாக்கிலுள்ள ஏ.சி. மின்தடையை வைத்துக் கையால் போட்டால் 15.5 வாட். மெஷ்ஷை (கணக்குக்காக வரைபடத்தைப் பிரிக்கும் சிறு கண்ணிகளை) எவ்வளவு நெருக்கினாலும் எண் அசையவில்லை.

பதில்: மெஷ்ஷை நெருக்கியும் எண் அசையவில்லை என்றால் மெஷ்ஷில் குற்றமில்லை என்று அர்த்தம். இனி அதைத் தொடாதீர்கள். உங்கள் மாடலில் மூன்று பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது, 400 என்று நீங்கள் கொடுத்த எண். எஃப்.ஈ.எம்.எம். ஏ.சி. கணக்கில் மின்னோட்டத்தை உச்ச மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஆன்சிஸ் மேக்ஸ்வெல், காம்சால் ஆகிய மென்பொருள்களும் வழக்கமாக அப்படித்தான். நீங்கள் சொல்லும் 400 ஆம்பியர் ஆர்.எம்.எஸ்., அதாவது உச்சத்தை 1.414-ஆல் வகுத்த மதிப்பு. ஆகவே 565.7 என்று கொடுக்க வேண்டும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இது ஒன்றிலேயே விடை இரட்டிப்பாகி 10.6 வாட் ஆகிவிடும். விடை சரியாகப் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, வட்டத்தின் பரப்பு. 18.4 மி.மீ. வட்டத்தின் பரப்பு 265.9 சதுர மி.மீ. கேபிளில் இருப்பதோ அழுத்தி உருட்டிய இழைகள். இழைகளுக்கிடையே இடைவெளி உண்டு, முறுக்கினால் ஒவ்வொரு இழையின் நீளமும் கொஞ்சம் கூடும். அதனால் '240' என்பது அளந்து பார்க்கும் பரப்பு அல்ல, மின்தடையால் வரையறுக்கப்படும் பெயர். ஐ.எஸ். 8130 என்ற இந்தியத் தரநிலை, ஐ.இ.சி. 60228 என்ற சர்வதேசத் தரநிலை இரண்டும் 240 செம்புக்கு 20 டிகிரியில் கி.மீ.க்கு அதிகபட்சம் 0.0754 ஓம் என்கின்றன. நூலகச் செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு 58 மெகாசீமென்ஸ். அதை இந்த முழு வட்டத்துக்குக் கொடுத்தால் 0.0648 ஓம்தான் வரும், 14 சதவீதம் குறைவு. கடத்துதிறனைத் திருப்பிக் கணக்கிட்டுக் கொடுங்கள்: 1-ஐ, மீட்டருக்கான மின்தடையாலும் நீங்கள் வரைந்த பரப்பாலும் வகுக்க வேண்டும். இங்கே 49.9 மெகாசீமென்ஸ் வரும். அதைப் போட்டால் இழப்பு 12.2 வாட்.

மூன்றாவது வெப்பநிலை. கேட்டலாக்கின் ஏ.சி. மின்தடை எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன்) இன்சுலேஷன் கேபிளுக்கு 90 டிகிரியில் தரப்படுவது. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.00393 பங்கு கூடும். 70 டிகிரி ஏற்றத்துக்கு அது 1.275 மடங்கு. 49.9-ஐ 1.275-ஆல் வகுத்து 39.1 என்று கொடுங்கள். 15.5 வாட் வந்து நிற்கும்.

இந்தக் கேபிளில் 50 ஹெர்ட்ஸில் ஸ்கின் எஃபெக்ட் (ஏ.சி. மின்னோட்டம் கடத்தியின் விளிம்புக்கு ஒதுங்குவதால் மின்தடை கூடுவது) ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஐ.இ.சி. 60287 சூத்திரப்படி 90 டிகிரியில் 0.9 சதவீதம்தான். அதுவே 1000 சதுர மி.மீ. செம்பில் ஏறக்குறைய 14 சதவீதம். பலரும் கணக்கு உதைத்ததும் ஸ்கின் எஃபெக்டைத்தான் பிடித்து உலுக்குகிறார்கள். 240-இல் அதை முழுதாக விட்டுவிட்டாலும் நீங்கள் பார்த்த வித்தியாசம் வராது. எந்த மாடலையும் முதலில் அதிர்வெண் பூஜ்யத்தில் ஓட்டி, டி.சி. மின்தடை கையில் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது ஒத்துப்போன பிறகு 50 ஹெர்ட்ஸுக்குப் போகலாம்.

வட்டத்தைப் பற்றி இன்னொன்று. மென்பொருள் வட்டத்தை நேர்க்கோட்டுத் துண்டுகளால்தான் வரையும். ஒரு துண்டுக்கு 10 டிகிரி என்று விட்டால் 36 பக்கங்கள், பரப்பு 0.5 சதவீதம் குறையும். 30 டிகிரி என்றால் 4.5 சதவீதம் போய்விடும். 1 டிகிரி வையுங்கள்.

வாசகி, ஜாலஹள்ளி: ஒற்றைக் கடத்தியின் இண்டக்டன்ஸ் பார்க்கிறேன். சுற்றியுள்ள காற்று வட்டத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் இண்டக்டன்ஸ் ஏறிக்கொண்டே போகிறது. எந்த அளவில் நிறுத்துவது?

பதில்: எங்கே நிறுத்தினாலும் சரியாக வராது. வட்டத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கி.மீ.க்கு 0.139 மில்லிஹென்றி கூடியிருக்கும், சரிபார்த்துப் பாருங்கள். போன மின்னோட்டம் திரும்பி வரும் வழியை நீங்கள் வரையவில்லை. வெளி எல்லையே திரும்பு பாதையாக நடந்துகொள்கிறது. திரும்பு கம்பியையும், மூன்று ஃபேஸ் என்றால் மற்ற இரண்டு கேபிள்களையும் வரைந்து, மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யமாகும்படி 120 டிகிரி இடைவெளியில் மின்னோட்டம் கொடுங்கள். அப்போது புலம் வேகமாகத் தேய்ந்துவிடும், கேபிள் தொகுப்பின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு எல்லை போதும். சரிபார்க்க ஓர் எண்: 18.4 மி.மீ. கடத்தி, மையத்துக்கு மையம் 30 மி.மீ., ட்ரெஃபாயில் (முக்கோணமாக அடுக்கிய) அமைப்பு. ஃபேஸுக்கு கி.மீ.க்கு 0.286 மில்லிஹென்றி, 50 ஹெர்ட்ஸில் 0.090 ஓம். பீன்யா வாசகரின் ஒற்றைக் கடத்தி மாடலில் இந்தத் தொல்லை இல்லை. எல்லை ஒரே மையமுள்ள வட்டமாக இருக்கும்வரை கடத்திக்குள் ஏற்படும் இழப்பை அது மாற்றாது.

வாசகர், வைட்ஃபீல்டு: 33 கி.வோ. ஒற்றைக் கோர் கேபிள் மூன்று, ட்ரெஃபாயிலில். கேபிள்களின் மையத்துக்கு மையம் 45 மி.மீ., இன்சுலேஷனைச் சுற்றியுள்ள செப்புக் கம்பி உறையான ஸ்கிரீனின் சராசரி விட்டம் 38 மி.மீ., ஸ்கிரீன் பரப்பு 35 சதுர மி.மீ., 400 ஆம்பியர். ஸ்கிரீனை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்த அமைப்பு. ஆனால் மாடலில் ஸ்கிரீனில் 33 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு முனை திறந்திருக்கும்போது எப்படி ஓடும்?

பதில்: ஓடாது. ஒரு முனை திறந்திருக்கிறது என்பதை நீங்கள் மென்பொருளுக்குச் சொல்லவில்லை. இரு பரிமாண ஏ.சி. கணக்கில் எந்தச் சர்க்யூட்டிலும் சேர்க்காமல் விட்ட உலோகப் பகுதி ஒவ்வொன்றும் இரண்டு முனைகளிலும் மற்ற உலோகங்களோடு முடிச்சுப் போடப்பட்டதாகவே கொள்ளப்படும். ஸ்கிரீன், ஆர்மர் (கேபிளின் வெளிக் கவசம்), பக்கத்திலிருக்கும் கேபிள் ட்ரே எல்லாமே இதில் அடக்கம். திரையில் தனித்தனி வட்டங்களாகத் தெரிவதால் தனித்தனியாக இருக்கின்றன என்று நம்பிவிடுகிறோம். கேபிள் மாடல்களில் இதைவிடப் பெரிய ஏமாற்றத்தைத் தரும் விஷயம் வேறில்லை.

ஒரு முனை எர்த்துக்கு: மூன்று ஸ்கிரீனுக்கும் மூன்று தனிச் சர்க்யூட் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டம் 0 என்று கொடுங்கள். ஸ்கிரீனை ஒரே வளையமாக வரைந்திருந்தால் சீரீஸ் வகை போதும். 40 தனிக் கம்பிகளாக வரைந்திருந்தால் ஒரு கேபிளின் 40 கம்பிகளையும் ஒரே பேரலல் சர்க்யூட்டில் சேர்த்து மொத்தம் 0 என்று கொடுங்கள், ஏனென்றால் அந்தக் கம்பிகள் முனையில் ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பவை. ஸ்கிரீன் இழப்பு முழுப் பூஜ்யமாகாது. கம்பிகளுக்குள் சுழலும் எடி கரண்ட் கொஞ்சம் மிஞ்சும், அது நிஜம்தான்.

இனி சர்க்யூட் முடிவுகளில் தெரியும் வோல்டேஜைப் பாருங்கள். ஸ்கிரீனின் திறந்த முனையில் தோன்றும் தூண்டு மின்னழுத்தம் அது. கைக்கணக்கு: இரு மடங்கு இடைவெளியை ஸ்கிரீன் விட்டத்தால் வகுத்தால் 90/38, அதன் இயல் மடக்கை 0.862, அதை 0.0628-ஆல் பெருக்கினால் கி.மீ.க்கு 0.0542 ஓம். 400 ஆம்பியருக்கு 21.7 வோல்ட். மாடலின் ஆழத்தை 1000 மீட்டர் என்று வைத்தால் திரையில் 30.6 வரும். அது உச்ச மதிப்பு, 1.414-ஆல் வகுத்தால் சரியாக உட்காரும். இது ஒத்துப்போகாவிட்டால் மேலே போகாதீர்கள்.

இரு முனை எர்த்துக்கு: மூன்று ஸ்கிரீனையும் ஒரே பேரலல் சர்க்யூட்டில் போட்டு மொத்தம் 0 என்று கொடுங்கள். 35 சதுர மி.மீ. செம்பு 80 டிகிரியில் கி.மீ.க்கு 0.648 ஓம். 21.7 வோல்ட்டை 0.648, 0.0542 சேர்ந்த இம்பிடன்ஸால் வகுத்தால் 33 ஆம்பியர், அதாவது உங்கள் மாடல் ஏற்கெனவே காட்டியதுதான். இழப்பு மீட்டருக்கு 0.7 வாட். அதே கேபிள்களைத் தரையில் 200 மி.மீ. இடைவெளியில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தால் நடுக் கேபிளின் ஸ்கிரீனில் தோராயமாக 81 ஆம்பியர் வரும், இழப்பு 4 வாட்டைத் தாண்டும். கேபிளைப் பிரித்துப் போட்டால் குளிரும் என்று எண்ணிப் பிரித்து, ஸ்கிரீனை இரு முனையிலும் எர்த் செய்துவிட்டால் நடப்பது இதுதான்.

66 கி.வோ. பாதைகளில் பார்க்கும் கிராஸ் பாண்டிங்குக்கு (பாதையை மூன்று துண்டாக்கி, துண்டுகளின் சந்திப்பில் ஒரு கேபிளின் ஸ்கிரீனை அடுத்த கேபிளின் ஸ்கிரீனோடு இணைப்பது) இரு பரிமாண மாடல் நேராக வழி தராது. மூன்று துண்டும் சம நீளம் என்றால் ஒரு முனை எர்த் மாடலே போதும், சுற்றும் மின்னோட்டம் பூஜ்யம்தான். சம நீளம் இல்லையென்றால் அந்த மாடலிலிருந்து கி.மீ.க்கான வோல்டேஜை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் காகிதத்தில் போடுங்கள். 400, 450, 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் பொதுவான 400 தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் கூட்டல் 50-உம் கழித்தல் 50-உம் 120 டிகிரி கோணத்தில் சேர்ந்து 86.6 மீட்டருக்குச் சமமான வோல்டேஜைத் தரும், அதாவது 1.9 வோல்ட். 1.2 கி.மீ. ஸ்கிரீனின் 0.78 ஓமால் வகுத்தால் 2.4 ஆம்பியர். 33 எங்கே, 2.4 எங்கே. சுரங்கப் பாதையின் நடுவே ஜாயின்ட் பிட் (கேபிள்களை இணைக்கும் குழி) தள்ளிப்போனால் என்னாகும் என்று தளப் பொறியாளர் கேட்டால் இந்தக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டலாம்.

வாசகர், பொம்மசந்திரா: மூன்று கோர் 11 கி.வோ. அலுமினியக் கேபிள், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி ஆர்மர். ஆர்மர் இழப்பு நம்ப முடியாத அளவு அதிகமாக வருகிறது. ஓர் ஆர்மர் கம்பியில் ஒரு திசையிலும் எதிர்ப்பக்கக் கம்பியில் வேறு திசையிலும் மின்னோட்டம் ஓடுகிறது.

பதில்: மேலே சொன்ன முடிச்சுதான், ஆனால் அவிழ்க்கும் விதம் வேறு. நிஜக் கேபிளில் ஆர்மர் கம்பி நேராகப் போவதில்லை, சுற்றிச் சுற்றிப் போகிறது. உள்ளே கோர்களும் தங்கள் முறுக்கில் போகின்றன. அதனால் ஒரு கம்பி சிறிது தூரம் ஆர் ஃபேஸுக்குப் பக்கத்திலும் பிறகு ஒய், பி ஃபேஸ்களுக்குப் பக்கத்திலும் மாறி மாறி வருகிறது. ஒரு சுற்று முடியும்போது அதில் தூண்டப்பட்ட மின்னழுத்தம் கூட்டிக் கழித்துப் பூஜ்யமாகிவிடும். இரு பரிமாண மாடலில் அந்தக் கம்பி கடைசிவரை ஒரே ஃபேஸின் பக்கத்திலேயே ஓடுகிறது, அதனால்தான் இல்லாத மின்னோட்டம் தோன்றுகிறது. ஒவ்வொரு ஆர்மர் கம்பிக்கும் தனிச் சீரீஸ் சர்க்யூட் கொடுத்து 0 ஆம்பியர் வையுங்கள். 60 கம்பி என்றால் 60 சர்க்யூட். கையால் செய்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும், எஃப்.ஈ.எம்.எம்.மின் லுவா ஸ்கிரிப்டில் ஒரு சுழற்சி எழுதிவிடுங்கள். ஸ்கிரீன் கம்பிகளை ஒரே சர்க்யூட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு ஆர்மரைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறோமே என்று குழம்ப வேண்டாம். ஒற்றைக் கோர் கேபிளின் ஸ்கிரீன் கம்பி தன் கோரையே சுற்றுகிறது. அது முறுக்கில் மற்ற இரு ஃபேஸ்களிலிருந்து நெருங்கி விலகினாலும் சொந்த ஃபேஸின் தூண்டல் அழிவதில்லை.

இரும்பின் பண்புகளிலும் கவனம் வேண்டும். சார்பு காந்த ஊடுருவுதிறன் 300 என்று கொண்டால் 50 ஹெர்ட்ஸில் ஸ்கின் டெப்த் (மின்னோட்டம் ஊடுருவும் ஆழம்) 1.5 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். செம்பில் அது 9.3 மி.மீ. 2 மி.மீ. இரும்புக் கம்பிக்குள் மெஷ் 0.4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆர்மர் கம்பியின் ஊடுருவுதிறனை யாரும் அளந்து சான்றிதழ் தருவதில்லை என்பதால் 100, 300, 600 என்று மூன்று முறை ஓட்டி விடையை வரம்பாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் தகட்டின் பி-எச் வளைவை (காந்தமாதல் வளைவை) ஆர்மருக்கு எடுத்துப் போடுவது பெரிய தவறு. ஹிஸ்டெரிசிஸ் (காந்தமாதல் பின்தங்குவது) கோணம் மென்பொருளில் இயல்பாக 0 என்று இருக்கும், அப்படியே விட்டால் ஹிஸ்டெரிசிஸ் இழப்பு கணக்கில் சேராது.

ஒற்றைக் கோர் ஏ.சி. கேபிளில் ஜி.ஐ. ஆர்மர் போட்டால் எவ்வளவு சூடாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐ.எஸ். 7098 அதற்குக் காந்தமற்ற ஆர்மரைத்தான் சொல்கிறது. அலுமினியக் கம்பி போடுங்கள்.

வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி: கேபிள் லக்கும் (முனைக் குழாய் இணைப்பி) பஸ்பாரும் (மின்பட்டை) சேரும் இடத்தை முப்பரிமாணத்தில் போட்டேன். சில சமயம் மேட்ரிக்ஸ் சிங்குலர் என்கிறது, சில சமயம் இரவு முழுக்க ஓடியும் ஒரு விடையில் குவிவதில்லை.

பதில்: இரண்டும் இருவேறு நோய்கள்.

சிங்குலர் என்றால் எங்கோ மின்னழுத்தத்துக்குப் பிடிமானம் இல்லை. ஒரு முகத்தையாவது 0 வோல்ட் என்று குறித்தீர்களா பாருங்கள். குறித்திருந்தால் லக்கின் குழாய்க்கும் கடத்திக்கும் நடுவே மைக்ரான் அளவு இடைவெளி இருக்கும். கேட் (CAD) வரைபடக் கோப்பில் இரண்டின் விட்டத்தையும் 18.4 என்று வரைந்தாலும், இறக்குமதி செய்யும்போது ஒன்று உருளையாகவும் மற்றொன்று பல முகமாகவும் மாறினால் அவை தொடாமலே நிற்கும். மின்னோட்ட அடர்த்தியைப் படமாகப் போட்டால் எந்த முகத்தில் அறுகிறது என்று தெரிந்துவிடும். இடைவெளியை ஒட்டிவிட்டு, கிரிம்ப் செய்த இடத்தின் தொடுதடை தெரிய வேண்டுமென்றால் அதைத் தனித் தொடுதடையாகக் கொடுங்கள். மி.மீ.யில் வரைந்ததை மீட்டராகப் படிக்கிறதா என்பதையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள்.

குவியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மின்னோட்டம் காற்றுக்குள் தொடங்கி காற்றுக்குள் முடிகிறதா என்று பாருங்கள். ஓடும் மின்னோட்டம் ஒரு வளையமாக மூட வேண்டும், இல்லையேல் மாடலின் வெளி எல்லை முகத்தில் நுழைந்து இன்னொரு எல்லை முகத்தில் வெளியேற வேண்டும். கேபிளின் வெட்டு முகத்தை எல்லைக்கு 5 மி.மீ. உள்ளே நிறுத்திவிட்டு அங்கே 400 ஆம்பியர் கொடுத்தால் சால்வர் எத்தனை இரவு ஓடினாலும் விடை கிடைக்காது. கேபிளை எல்லைவரை நீட்டுங்கள். நுழையும் முகத்தில் மின்னோட்டம் சீராகப் பரவியதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்ளக் கூடும், ஆகவே கவனிக்க வேண்டிய இடத்துக்கு முன் விட்டத்தைப் போல நான்கைந்து மடங்கு நேர்க் கேபிள் இருக்கட்டும்.

அதன் பிறகும் குவியாவிட்டால் காற்றின் கடத்துதிறன். அது 0 என்பதால் சமன்பாட்டுக்கு அங்கே ஒரே விடை இருப்பதில்லை. காற்றுக்கு மீட்டருக்கு 1 சீமென்ஸ் கொடுப்பது பலர் செய்யும் வழி. 50 ஹெர்ட்ஸில் அந்தப் பொய்க் காற்றின் ஸ்கின் டெப்த் 71 மீட்டர், அரை மீட்டர் மாடலைப் பாதிக்காது. அதையே 1 மெகாஹெர்ட்ஸில் செய்தால் அரை மீட்டராகச் சுருங்கிவிடும், விடை கெடும். இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது: இரு கடத்திகளுக்கு நடுவிலுள்ள இன்சுலேஷனுக்கும் அதே 1 சீமென்ஸைக் கொடுத்துவிடுவது. 1 மி.மீ. தடிப்பு, 10 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளமுள்ள இன்சுலேஷன் அப்போது வெறும் 0.1 ஓம். இரண்டுக்கும் நடுவே 10 வோல்ட் இருந்தால் 100 ஆம்பியர் கசியும். இன்சுலேஷனை 0-விலேயே விட்டு, மென்பொருளின் காஜ் ஃபிக்ஸிங் (ஒரே விடையை நிலைநிறுத்தும்) வசதியைப் பயன்படுத்துங்கள். நேரம் கூடும், விடை சரியாக இருக்கும்.

வாசகர், கே.ஆர். புரம்: வி.எஃப்.டி.யிலிருந்து (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) மோட்டாருக்குப் போகும் 60 மீட்டர் கேபிள், எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷன். மின்னழுத்தம் ஏறும் ஸ்விட்சிங் விளிம்பு 100 நானோசெகண்ட். 40 லட்சம் எலிமென்ட் போட்டும் மின்தடை ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் மாறுகிறது.

பதில்: 0.35-ஐ 100 நானோசெகண்டால் வகுத்தால் 3.5 மெகாஹெர்ட்ஸ், அந்த ஸ்விட்சிங் விளிம்பில் அடங்கிய அதிர்வெண். அங்கே செம்பின் ஸ்கின் டெப்த் 35 மைக்ரான். மின்னோட்டம் கடத்தியின் விளிம்பில் ஒரு தோலாக ஓடுகிறது, நீங்களோ 40 லட்சத்தில் பெரும்பகுதியை ஒன்றுமே ஓடாத நடுப்பகுதிக்குச் செலவழிக்கிறீர்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக மெஷ் போடுங்கள். முதல் அடுக்கு 10 மைக்ரான், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1.4 மடங்கு என்றால் ஐந்தே அடுக்கில் 109 மைக்ரான், அதாவது மூன்று ஸ்கின் டெப்த். அந்த ஆழத்தில் மின்னோட்ட அடர்த்தி 5 சதவீதமாகத் தேய்ந்திருக்கும். உள்ளே எவ்வளவு பெரிய எலிமென்ட்டும் இருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் கடத்தியின் உட்புறத்தையே நீக்கிவிட்டு அதன் மேற்பரப்புக்கு இம்பிடன்ஸ் எல்லை நிபந்தனை கொடுங்கள்.

எஃப்.ஈ.எம்.எம்.மில் அடுக்கு மெஷ் இல்லை. விளிம்புக்கு 0.1 மி.மீ. உள்ளே இன்னொரு வட்டம் வரைந்து அந்த வளையத்துக்கு மட்டும் நுண்ணிய மெஷ் தரலாம். அப்படிச் செய்தால் ஒரே கடத்தி இரண்டு பகுதியாகிவிடும். இரண்டையும் சீரீஸ் சர்க்யூட்டில் விட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு மின்னோட்டம் போய், மொத்தம் இரட்டிப்பாகும். பேரலல் என்று மாற்ற மறக்காதீர்கள்.

மெஷ் சரியானாலும் உங்கள் கேள்விக்கு இந்த மாடல் மட்டும் போதாது. எக்ஸ்.எல்.பி.இ.யில் அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 கோடி மீட்டர். 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 57 மீட்டர், உங்கள் கேபிளோ 60. குறுக்குவெட்டு மாடலிலிருந்து மீட்டருக்கான மின்தடை, இண்டக்டன்ஸ், கெபாசிடன்ஸ் மூன்றையும் எடுத்து, அவற்றை டிரான்ஸ்மிஷன் லைன் மாடலுக்குள் கொடுங்கள். கேபிளைச் சர்க்யூட்டில் துண்டுகளாக வைப்பதானால் ஒரு துண்டு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அலை மோட்டாரை அடைய 0.3 மைக்ரோசெகண்ட் ஆகிறது, விளிம்போ அதற்குள் ஏறி முடிந்துவிடுகிறது. ஆகவே மோட்டார் முனையில் மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குறுக்குவெட்டு மாடல் அதைக் காட்டவே காட்டாது.

வாசகி, மல்லேஸ்வரம்: டிரான்சியன்ட் (நேரப்படி கணக்கிடும்) சால்வரில் மின்னழுத்தம் கொடுத்து ஓட்டினால் ஃபேஸ் மின்னோட்டங்கள் பூஜ்யத்திலிருந்து ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகின்றன. 1000 சதுர மி.மீ. செம்பு, கிடைமட்டத்தில் 200 மி.மீ. இடைவெளி.

பதில்: டி.சி. ஆஃப்செட், அதாவது தொடக்கத்தில் ஏ.சி.யோடு ஒட்டிக்கொள்ளும் டி.சி. பகுதி. உங்கள் அமைப்பில் கி.மீ.க்குத் தோராயமாக 0.57 மில்லிஹென்றி, 0.026 ஓம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 22 மில்லிசெகண்ட். அது அடங்க இதைப் போல ஐந்து மடங்கு, அதாவது ஐந்தரை சுழற்சி ஆகும். இரண்டாவது சுழற்சியில் இழப்பைப் படித்திருந்தால் அது தப்பு. பத்துச் சுழற்சி ஓட்டுங்கள், அல்லது மின்னழுத்தத்தை முதல் மூன்று சுழற்சியில் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். காலப்படி 0.5 மில்லிசெகண்டுக்கு மேல் வேண்டாம்.

பொறியியல் மாணவர், அல்சூர்: ஆய்வகத்தில் பெரிய கேபிள் சோதனை வசதி இல்லை. மாடல் சரி என்று செலவில்லாமல் எப்படி நிரூபிப்பது?

பதில்: எஸ்.பி. ரோட்டில் 2.5 சதுர மி.மீ. ஃப்ளெக்சிபிள் செம்பு வயர் பதினொரு மீட்டர் வாங்குங்கள். சுருளைப் பிரித்துத் தரையில் நீளமாகப் போடுங்கள். இரு முனையிலும் மின்னோட்டக் கிளிப்பை மாட்டி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையிலிருந்து 5 ஆம்பியர் செலுத்துங்கள். கிளிப்புகளுக்கு உட்பக்கம் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் இன்சுலேஷனைச் சீவி, மல்டிமீட்டரின் முனைகளை அங்கே வைத்து மில்லிவோல்ட் படியுங்கள். இந்த வயருக்குத் தர நிர்ணயம் 20 டிகிரியில் கி.மீ.க்கு அதிகபட்சம் 7.98 ஓம். அறை 28 டிகிரி என்றால் 8.23 ஓம், அதாவது 10 மீட்டரில் 411 மில்லிவோல்ட்டுக்கு மிகாமல் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் மாடலைக் குறை சொல்லாதீர்கள், வயரில் செம்பு குறைவு. அளந்த மின்தடையிலிருந்து கடத்துதிறனைக் கணக்கிட்டு மாடலில் போடுங்கள்.

ஸ்கின் எஃபெக்டையும் பார்க்க ஆசை இருந்தால் ஒற்றை இழையாலான 2.5 சதுர மி.மீ. கம்பி வேண்டும், விட்டம் 1.78 மி.மீ. நான்கு மீட்டரை 20 செ.மீ. இடைவெளியுள்ள நீண்ட ஹேர்பின்னாக வளைத்து மரப்பலகையில் ஆணியடியுங்கள், பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. எல்.சி.ஆர். (இண்டக்டன்ஸ், கெபாசிடன்ஸ், மின்தடை அளக்கும்) மீட்டரில் சீரீஸ் மின்தடை 10 கிலோஹெர்ட்ஸில் டி.சி. மதிப்பைவிட 7 சதவீதம் கூடும், 100 கிலோஹெர்ட்ஸில் 2.4 மடங்காகும். டி.சி.யில் 30 மில்லிஓம் என்பதால் 100 கிலோஹெர்ட்ஸில் 70 மில்லிஓம் வர வேண்டும். அதே சமயம் அந்த ஹேர்பின்னின் ரியாக்டன்ஸ் 2.7 ஓம், மின்தடையைப் போல நாற்பது மடங்கு. கையடக்க மீட்டர்களில் அந்த நிலையில் மின்தடை எண் நிலையாக நிற்காது. கல்லூரியில் மேசைமீது வைக்கும் எல்.சி.ஆர். மீட்டர் இருக்கும், அதில் நான்கு முனைக் கிளிப்போடு, முதலில் ஷார்ட் கரெக்‌ஷன் செய்துவிட்டு அளங்கள்.